அகினிசியின் காலிக் கிண்ணம்

எங்கள் அண்ணி அகினிசியின் சமையலறைச் சுவரில், அடுப்புக்கு மேலே ஓர் ஆணியில், வெள்ளை எனாமல் கிண்ணம் ஒன்று தொங்கும். விளிம்பில் நீலக் கோடு, காதில் ஒரு துளை. வீட்டுக்கு எத்தனை பேர் வந்தாலும், கரிபூ மான் இறைச்சி வைக்கத் தட்டுகள் போதாமல் அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் விரிக்க நேர்ந்தாலும், அந்தக் கிண்ணத்தை மட்டும் யாரும் தொடக் கூடாது. என் அண்ணன் முசூசி ஒருமுறை அதில் டீ ஊற்றப் போய், கரண்டியால் அடி வாங்கியிருக்கிறான்.

ஊரில் எல்லோருக்கும் அந்தக் கிண்ணத்தைத் தெரியும். நான் கூட்டுறவுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள். என் காதில் விழாத பேச்சு, வடகோடிப் பனிக் கடற்கரையிலிருக்கும் எங்கள் ஊர் காங்கிக்சுயுவாக்கில் கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது ஊர் வாயாடி சியாசி மாவு வாங்க வரும்போது கேட்பாள்.

"என்ன அகினிசி, உன் கிண்ணத்துக்கு இன்னும் பசி அடங்கலியா?"

அண்ணி பையில் சாமானை அடுக்கிக்கொண்டே சொல்வாள். "பசியோட இருந்தாத்தான் ருசி தெரியும். நீ உன் வயித்தைப் பாரு, கோட்டு ஜிப்பு ஏற மாட்டேங்குது."

கடையே சிரிக்கும். அண்ணியும் சிரிப்பாள். ஆனால் வாசலைத் தாண்டியதும் அந்த முகம் எப்படிச் சுருங்கும் என்று கல்லாவுக்குப் பின்னாலிருக்கும் ஜன்னல் வழியாக நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்காதவர்கள்தான் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்வார்கள்.

அவளுக்கு இருபத்து நாலு வயதில் நடந்தது இது. பக்கத்து வீட்டு மாய்னா அவளுக்கு உயிர்த்தோழி. மாய்னாவின் புருஷன் தெற்கிலிருந்து புது விமான ஓடுதளம் போட வந்தவன். பிரசவத்துக்கு மாய்னாவை விமானத்தில் ஏற்றி அனுப்புவதாக ஏற்பாடு. ஆனால் வலி முந்திக்கொண்டது. வெளியே பனிப்புயல். கதவைத் திறந்தால் சொந்தக் கையே கண்ணுக்குத் தெரியாது. விமானம் வரவில்லை. ஊர்க் கோடியிலிருந்த நர்ஸாலும் வர முடியவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு அகினிசி மட்டும் போய்ச் சேர்ந்தாள்.

குழந்தை நீலமாகப் பிறந்தது. அழவில்லை. அகினிசி தொப்புள்கொடியை அறுத்தாள், கட்டினாள், அந்தச் சின்ன வாய்க்குள் தன் மூச்சை ஊதினாள். ஊதினாள், ஊதினாள். கடைசியில் குழந்தை வீறிட்டது. அகினிசி ஓவென்று அழுதாள். பெற்றவளோ படுத்த படுக்கையில் சிரித்தாளாம். "பிள்ளை பெத்தவ நானு, கத்துறவ நீயா?" என்று.

உலாயு என்று பெயர் வைத்தார்கள்.

தொப்புள்கொடி அறுத்தவளை நாங்கள் சனஜிக் என்போம். ஆக்கியவள் என்று அர்த்தம். பெற்றவள் பிள்ளையை வெளியே கொண்டுவருகிறாள். அந்தப் பிள்ளையின் கைகால்களை எதற்காவது உதவும்படி ஆக்குகிறவள் சனஜிக்தான். அதனால் பிள்ளை வளர்ந்து முதன்முதலாகக் கொண்டுவருவதெல்லாம் அவளுக்கு. முதல் மீன், முதல் முட்டை, முதல் சிப்பி. வீட்டார் வாயில் வைக்கக் கூடாது. பிள்ளை தன் கையால் அவளிடம் கொடுக்க வேண்டும். அவள் கூச்சல் போட்டு, குதித்து, பிள்ளையைத் தூக்கிச் சுற்றி, ஊரைக் கூப்பிட்டு அதைப் பங்கு போடுவாள். ஆனால் ஒரு நாளும் அவளாகக் கேட்க மாட்டாள். கேட்டு வாங்கினால் அது பிச்சை. சொல்லித் தர வேண்டியது பெற்ற தாய்.

புயல் ஓய்ந்த மறுநாளே அகினிசி கடைக்கு வந்து அந்தக் கிண்ணத்தை வாங்கினாள்.

குழந்தை தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய சமயம் ஓடுதள வேலை முடிந்தது. மாய்னாவின் புருஷன் மனைவியையும் மகளையும் மான்ட்ரியாலுக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டான். வழியனுப்ப நானும் போயிருந்தேன். இரண்டு தோழிகளும் ஓடுதளத்தின் ஓரத்தில் மூக்கோடு மூக்கு உரசி நின்றார்கள்.

"சிப்பி பொறுக்குற வயசு வந்ததும் கூட்டிட்டு வர்றேன்டி. கிண்ணத்தைத் தொலைச்சிராத."

"நீ பிள்ளையைத் தொலைச்சிராத."

விமானம் மலைக்குப் பின்னால் மறைந்த பிறகும், அதன் சத்தம் அடங்கிய பிறகும் அண்ணி அங்கேயே நின்றாள். கையில் குழந்தையின் ஒற்றைக் கையுறை. அதை மாட்டிவிட மறந்துபோயிருந்தாள்.

மாய்னா வரவில்லை. சில வருஷங்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் போன் வரும். அப்புறம் அதுவும் நின்றது.

அண்ணிக்குக் குழந்தை பிறக்கவில்லை. அவள் தம்பி, தன் இரண்டாவது மகன் லூக்காசியைக் கைக்குழந்தையாக அவளிடம் கொடுத்தான். எங்கள் பக்கம் அது சகஜம். லூக்காசி அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவான். அவனுக்குப் பாலும் சோறும் ஊட்டியது அவள், கோட்டும் பூட்ஸும் தைத்தது அவள். ஆனால் அவன் தொப்புள்கொடியை அறுத்தவள் யார் தெரியுமா? அந்தச் சியாசிதான்!

லூக்காசி முதன்முதலாக ஒரு பனிக்கௌதாரியைச் சுட்டுக்கொண்டு ஓடிவந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அம்மா! அம்மா!" என்று கத்திக்கொண்டு வந்தான். அண்ணி அதைக் கையில் வாங்கினாள். இன்னும் சூடு ஆறவில்லை. கன்னத்தில் ஒருமுறை வைத்துக்கொண்டாள். பிறகு அதைத் துடைத்து, துணியில் சுற்றி அவன் கையிலேயே கொடுத்தாள்.

"போய்க் குடு. ரெண்டு கையாலயும் குடுக்கணும், தெரியுதா?"

சியாசியின் வீட்டில் ஒரே ஆட்டம், பாட்டம். கௌதாரியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சியாசி தெருவெல்லாம் ஓடினாள். அண்ணி அவள் வீட்டு வாசலில் நின்று கைதட்டினாள். எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினாள். முதல் மீன் வந்தபோதும் அப்படித்தான், முதல் சீல், அந்தக் கொழுத்த கடல்நாய், வந்தபோதும் அப்படித்தான். வீடு திரும்பியதும் தலைவலி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் சூப் ஊற்றிய கை அது. யாருடைய பிள்ளையாவது முதலில் எதையாவது பிடித்தால் ஊர் ரேடியோவில் உடனே சொல்வார்கள். அப்போது மட்டும் அண்ணி ரேடியோவின் ஒலியைக் குறைத்துவிடுவாள்.

இப்படியே அவள் தலை நரைத்தது. முழங்கால்கள் இரண்டும் தேய்ந்தன. போன இலையுதிர் காலத்தில் மாய்னா மான்ட்ரியாலில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. புற்றுநோயாம். அண்ணி அன்று கிண்ணத்தைக் கழற்றி, கழுவி, துடைத்து, மறுபடியும் மாட்டினாள்.

மார்ச் மாதம் ஒரு போன் வந்தது. எடுத்த அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உலாயு வருகிறாளாம், ஒரு வாரம் தங்குவதற்கு.

அன்று சாயங்காலம் ரேடியோவில் எண்களைக் கூவும் பிங்கோ ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஊரே காகிதமும் பேனாவுமாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நடுவில் திடீரென்று அண்ணியின் குரல்!

"நான் அகினிசி பேசுறேன். பிங்கோவை நிறுத்துனதுக்குக் கோவிச்சுக்காதீங்க. என் உலாயு வர்றா. அம்மா செத்துப்போன பொண்ணு, ஓய்வா இருந்துட்டுப் போகட்டும். கிண்ணத்தைப் பத்தி யாராச்சும் அவகிட்ட வாயைத் தொறந்தீங்க, அப்புறம் பள்ளிக்கூடத்துல உங்க பிள்ளைங்களுக்கு ஊத்துற சூப்புல கறி இருக்காது. சியாசி, உனக்குத்தான் முக்கியமா சொல்றேன். அவ்வளவுதான். பிங்கோவை நடத்துங்க."

அவள் வீட்டுக்கு வந்ததும் நான் சண்டை போட்டேன். "ஏன் அண்ணி இப்படி? பெத்தவளும் இல்ல. யாராவது சொன்னாத்தானே அந்தப் பொண்ணுக்குத் தெரியும்?"

"சொல்லிக் குடுத்து வாங்குனா எனக்கு எதுக்குடி அது? முப்பது வருஷம் காத்துக்கிட்டிருந்தது பிச்சைக்கா?"

"தெரியாமலே போயிட்டா?"

அவள் துணியை எடுத்தாள். அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு அது.

உலாயு உயரமாக இருந்தாள். குட்டையாக வெட்டிய முடி, எங்கள் குளிருக்கு எந்த மூலைக்கும் காணாத மெல்லிய கோட்டு, மாய்னாவின் அதே கன்னங்கள். விமானத்திலிருந்து இறங்கிக் கூட்டத்தைப் பார்த்தாள்.

"அகினிசி?" என்று கேட்டாள்.

எங்களில் யாரும் உறவுக்காரியை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். அந்த ஒரு சொல் அண்ணியின் நெஞ்சில் ஊசியாகக் குத்தியது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அவள் நேராகப் போய் உலாயுவின் கையுறைகளைக் கழற்றினாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கா?" என்று முசூசி கேட்டான்.

"இருக்கு. ஆனா ஒண்ணும் செய்யாத கை. பஞ்சு மாதிரி இருக்கு."

உலாயு சிரித்தாள். "கம்ப்யூட்டர் வேலை" என்றாள். எங்கள் மொழி அவளுக்குப் புரிந்தது. பேசும்போது மட்டும் ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி எடுத்து வைப்பாள்.

வீட்டில் முதல் நாளே அவள் பார்வை அந்தச் சுவருக்குப் போனது.

"அந்தக் கிண்ணம்... அழகா இருக்கு."

முசூசிக்கு டீ புரையேறியது. லூக்காசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணி மட்டும் அசையவில்லை.

"அது ஓட்டைக் கிண்ணம் கண்ணு. எதுக்கும் ஆவாது" என்றாள்.

உலாயு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். ஏன் குனிந்தாள் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

அவள் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் முழுநிலா. அன்றைக்குத்தான் பெரிய வற்று.

எங்கள் விரிகுடாவில் கடல் ஏறி இறங்குவது சாதாரணமாக இருக்காது. முழுநிலாவுக்கும் அமாவாசைக்கும் நாலு மாடி உயரம் வற்றும். குளிர்காலத்தில் மேலே ஆள் உயரத்துக்கு உறைந்து கிடக்கும் பனிக்கட்டிக்கு அந்த வேகத்தில் கீழே இறங்கத் தெரியாது. கரையோரப் பாறைகளைப் பிடித்துக்கொண்டு கூரை மாதிரி தொங்கும். அடியில் தண்ணீர் இருக்காது. கடல் எழுந்து போய்விட்ட வீடு போல, அடித்தரை வெறுமனே கிடக்கும். கடப்பாரையால் மேலே ஓட்டை போட்டு உள்ளே இறங்கினால் சிப்பி பொறுக்கலாம். கெட்டிலில் பனியை உருக்கி டீ வைத்துக் குடித்து முடிக்கும் நேரம், அவ்வளவுதான். அதற்குள் கடல் திரும்பிவிடும்.

"உனக்குப் பயமா இருந்தா வேண்டாம்" என்றான் லூக்காசி.

"நான் போறேன்" என்றாள் உலாயு. அவ்வளவு அவசரமாகச் சொன்னாள்.

பனிவண்டிகளில் போனோம். லூக்காசியும் முசூசியும் மாறி மாறிக் கடப்பாரை போட்டார்கள். ஓட்டை விழுந்ததும் உள்ளிருந்து பாசி மணமும் ஈரக்காற்றும் முகத்தில் அடித்தன. முழங்கால் மடங்காததால் அண்ணி இறங்கவில்லை. மேலே சறுக்குவண்டியில் உட்கார்ந்து, தண்ணீர்ச் சத்தம் கேட்டால் குரல் கொடுப்பது அவள் வேலை. உலாயுவின் தலையில் டார்ச்சைக் கட்டிவிட்டாள். கையில் சின்ன வாளியைக் கொடுத்தாள்.

"நிறைய வேண்டாம். கைக்கு அகப்பட்டது போதும். தூரமாப் போவாத" என்றாள்.

லூக்காசி, உலாயு, நான். மூவரும் பாறை பாறையாகப் பிடித்து இறங்கினோம். நான் எத்தனையோ வருஷமாக இறங்குகிறேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் என்னைப் பேசவிடாது. தலைக்கு மேல் பனிக்கூரை. மேலே வெயில் பட்ட இடத்தில் பச்சையும் நீலமுமாக அது உள்ளுக்குள்ளேயே ஒளிரும். பக்கத்துக்குப் பக்கம் பாறைகள் கனத்த கூரையைத் தாங்கி நிற்கும். தரையெல்லாம் பாசி, குட்டை குட்டையாக உப்புத்தண்ணீர், கொத்துக் கொத்தாகக் கருநீலச் சிப்பிகள். எங்கோ ஒரு சொட்டு விழும். எங்கோ பனிக்கட்டி முனகும்.

உலாயு கூரையைப் பார்த்தபடி நின்றாள். கண்ணில் நீர் வழிந்தது.

"அம்மா சொல்லுவாங்க" என்றாள். "நான் நம்பல. கதைன்னு நினைச்சேன்."

பிறகு குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். ஒன்று எடுப்பாள், டார்ச்சில் திருப்பிப் பார்ப்பாள், சின்னது என்று திரும்ப வைப்பாள். பக்கத்தில் லூக்காசி பச்சையாகவே உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கும் ஒன்றை நீட்டினான்.

"வேண்டாம். பெருசா எங்க இருக்கும்?" என்றாள்.

"உள்ளாற போகப் போகப் பெருசு. ஆனா போவாதே."

எனக்கு நாக்கு துடித்தது. 'பொண்ணே, இது வெறும் சிப்பி இல்லை, மேலே ஒருத்தி இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள்' என்று சொல்லிவிடலாமா? சொன்னால் அண்ணி என்னை மன்னிக்க மாட்டாள். வாயை மூடிக்கொண்டு என் வாளியை நிரப்பினேன்.

முதலில் ஒரு பெருமூச்சு போலக் கேட்டது. பாசிக்கடியில் சலசலப்பு. அதே சமயம் மேலே அண்ணியின் குரல்.

"வருது! மேல வாங்க! வருது!"

திரும்பினேன். உலாயுவின் விளக்கு எங்கேயும் இல்லை.

"உலாயு!" என்று லூக்காசி கத்தினான். பனிக்கூரை அந்தப் பெயரை எல்லாப் பக்கமும் உருட்டிவிட்டது. கடைசியாக அவள் போனது இடதுபுறம் என்று நினைத்து அந்தப் பக்கம் ஓடினான். குட்டைகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கின. பின்னால் ஒரு பெரிய பனிப்பாளம் பெயர்ந்து விழுந்து வெடித்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. இருட்டுக்குள்ளிருந்து, எந்தத் திசை என்று பிடிபடாமல்.

"சனஜிக்! சனஜிக்!"

சொல் தேடித் தேடிப் பேசுகிற பெண்ணுக்கு இது யார் சொல்லிக்கொடுத்த சொல்? எங்கள் யாருடைய குரலிலும் இல்லாத, மாய்னாவின் அதே இழுப்போடு வந்தது அது.

மேலே அண்ணிக்குக் கேட்டிருந்தது. உள்ளே இருந்த எங்களுக்குத்தான் திசை குழம்பியது. மேலே இருந்தவளுக்கு வலதுபுறம் ஒரு வெடிப்பின் வழியாகக் காலடியிலேயே குரல் எழுந்ததாம். முசூசி கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. மடங்காத முழங்கால்களோடு அந்த ஓட்டைக்குள் அவள் சரிந்து விழுந்ததைத்தான் நான் பார்த்தேன். விளக்கு இல்லை. எழுந்தாள், வலப்பக்கமாக நேராக நடந்தாள். நானும் என் டார்ச்சோடு பின்னால் ஓடினேன்.

இரண்டு பாறைகளுக்கு இடையில் உலாயுவின் பூட்ஸ் சிக்கிக்கொண்டிருந்தது. தலை டார்ச் தண்ணீரில் விழுந்து அணைந்திருந்தது. தண்ணீர் முழங்காலைத் தொட்டுவிட்டது. அந்த நிலையிலும் அவள் வாளியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விளிம்பு வரைக்கும் சிப்பி. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு.

"வாளியை விடு!" என்றாள் அண்ணி.

"மாட்டேன்! இது உங்களுக்கு!"

"விடுடி!"

"அம்மா சொன்னாங்க... முதல்ல உங்களுக்குன்னு..."

முப்பது வருஷம்! அந்த வாளிக்காக முப்பது வருஷம் ஒரு கிண்ணம் ஆணியில் தொங்கியிருக்கிறது. அண்ணியின் கண் ஒரு கணம் அந்த வாளியின் மேல் நின்றதை நான் என் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். அடுத்த கணம் அவள் கையை ஓங்கி அதை அறைந்தாள். வாளி பறந்தது. சிப்பிகள் கருந்தண்ணீரில் பொலபொலவென்று விழுந்தன. உலாயு அலறினாள். அண்ணி அவள் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து, பூட்ஸின் கயிற்றைக் கத்தியால் அறுத்தாள். கால் வெளியே வந்தது. பூட்ஸைக் கடல் எடுத்துக்கொண்டது.

லூக்காசியும் வந்துவிட்டான். ஓட்டையை நெருங்கும்போது அண்ணியின் முழங்கால்கள் இரண்டும் ஒன்றாகக் கைவிட்டன. தொப்பென்று தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போங்கடா. நான் மெதுவா வர்றேன்."

இந்த நிலைமையில் மெதுவாக வருகிறாளாம்!

உலாயு அவளை விட்டுப் போகவில்லை. அந்தப் பஞ்சுக் கைகள் அண்ணியின் கோட்டுத் தொப்பியைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தன. இழுத்தாள். ஒற்றைக் காலில் பூட்ஸ், இன்னொரு காலில் நனைந்த சாக்ஸ். பல்லைக் கடித்துக்கொண்டு பாறை மேல் பாறையாக இழுத்தாள். லூக்காசி கீழிருந்து தள்ளினான், உலாயு மேலேறி நின்று தூக்கினாள். எல்லோருக்கும் முன்னால் உலாயுதான் வெளியே வந்தாள், கையில் அண்ணியைப் பிடித்தபடி.

மேலே பனியில் விழுந்து கிடந்தோம். ஓட்டைக்குள் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஏறியது. முசூசி கெட்ட வார்த்தைகளெல்லாம் சொல்லிக்கொண்டே உலாயுவின் பாதத்தைத் தன் சட்டைக்குள், வயிற்றோடு வைத்துச் சூடாக்கினான்.

உலாயு விம்மி விம்மி அழுதாள்.

"போச்சு. அம்மா ஆஸ்பத்திரியில... கடைசியில... இதைத்தான் சொன்னாங்க. முதல் சிப்பி அகினிசிக்கு. நான் கொண்டுபோகாம விட்டுட்டேன், நீ கொண்டுபோ. அதுக்குத்தான் வந்தேன்."

"அப்ப ஏன் வாயைத் தொறக்கல?" என்று நான் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் பிடிக்கத் தெரியாது. சொல்லிட்டு, வெறுங்கையோட வந்தா? இவங்க மறுபடியும் காத்துக்கிட்டு..." அவளால் முடிக்க முடியவில்லை. "கிண்ணத்தைப் பார்த்ததும் அம்மா சொன்னதுதான்னு தெரிஞ்சுது. ஓட்டைன்னு சொன்னாங்க. என்மேல கோவம்னு நினைச்சேன்."

அண்ணி பனியில் மல்லாந்து கிடந்தவாறே கையை நீட்டி அவள் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். முதல் என்பது ஒரு தடவைதான். பொறுக்கியாயிற்று, கடலில் போயிற்று. இனி எத்தனை வாளி கொண்டுவந்தாலும் அது முதல் இல்லை. இது எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும்.

முசூசிதான் முதலில் தொண்டையைக் கனைத்தான்.

"இரு, இரு. எனக்கு ஒரு சந்தேகம். பனிக்கு மேல வந்து சேர்ந்தாத்தானே பிடிச்சதுன்னு கணக்கு? கடல்லயே நின்னுபோனது கடலோடது."

"அதனால?" என்றான் லூக்காசி.

"இந்தப் பொண்ணு கீழேயிருந்து தன் கையால மேல இழுத்துட்டு வந்தது என்ன? சிப்பியா? இல்ல. நல்லா கொழுத்த ஒரு கிழட்டுச் சீலு! இந்தா கிடக்குது பாரு, மூச்சு வாங்கிக்கிட்டு. அதுதான் முதல். இதை எப்படிடா ஊருக்குப் பங்கு போடுறது? வாலு எனக்கு!"

அண்ணியின் வயிறு குலுங்கியது. அவள் சிரித்தாள். சிரிப்பு அழுகையாயிற்று, அழுகை மறுபடியும் சிரிப்பாயிற்று. உலாயு மெல்ல எழுந்து மண்டியிட்டாள். அண்ணியின் இரண்டு கைகளையும் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, அவள் மார்பின் மேலேயே வைத்தாள். அவளை அவளுக்கே கொடுப்பது போல. இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"சனஜிக், இந்தாங்க" என்றாள்.

அண்ணி போட்ட கூச்சல் ஊருக்கே கேட்டிருக்கும்! முதல் வேட்டை வாங்கிய ஆக்கியவள் எப்படிக் கத்த வேண்டுமோ அப்படிக் கத்தினாள். ஆட மட்டும் முடியவில்லை. அவளுக்காக முசூசி ஆடினான்.

அன்று ரேடியோவில் அறிவித்தார்கள். உலாயுவின் முதல் வேட்டை, அகினிசி வீட்டில் பங்கு, எல்லோரும் வரலாம் என்று. என்ன வேட்டை என்று சொல்லவில்லை. கூட்டம் வந்து விஷயத்தைக் கேட்டுச் சிரித்து உருண்டது. கிண்ணம் ஆணியிலிருந்து இறங்கியது. அண்ணி அதில் சர்க்கரை போட்டு டீ ஊற்றினாள். ஒரே கிண்ணம் கைக்குக் கை மாறியது. சியாசியின் முறை வந்தபோது அவள் ஒரு வாய் குடித்துவிட்டு நீல விளிம்பை விரலால் தடவினாள். பிறகு, "லூக்காசியோட கௌதாரியை விட இது ருசிதான்டி" என்றாள். அண்ணி அவளைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் விமானம். உலாயு அழுதுகொண்டே ஏறினாள். கையில் அண்ணி தைத்துக்கொடுத்த புதுக் கையுறைகள். இந்தத் தடவை அண்ணி இரண்டையும் மாட்டிவிட மறக்கவில்லை. அடுத்த வருஷம் வருகிறேன் என்று உலாயு சொன்னாள். மாய்னாவும் அப்படித்தான் சொன்னாள் என்று யாரும் நினைவுபடுத்தவில்லை.

அடுத்த வாரமே சியாசி கடையில் கேட்டாள். "கிண்ணம் மறுபடியும் ஆணியில தொங்குதாமே? முதல்தான் வந்தாச்சே. இப்ப எதுக்குப் பசி?"

அண்ணி வழக்கம்போல வெடுக்கென்று எதுவும் சொல்லவில்லை. பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"தெற்கு விமானம் இன்னிக்கு வருமாடி?"

அடுத்த பெரிய வற்றுக்கு நாங்கள் போனபோது அவளும் வந்தாள். இறங்கவில்லை. சறுக்குவண்டியில் உட்காரவும் இல்லை. ஓட்டைக்கு வலப்பக்கமாக நடந்துபோய், உலாயுவின் குரல் எழுந்த அந்த வெடிப்பு இருந்த இடத்தில் மண்டியிட முடியாமல் ஒருக்களித்துப் படுத்து, தொப்பியை விலக்கிக் கன்னத்தைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி கேக்குது?" என்று பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"தண்ணிதான்" என்றாள்.

ஆனாலும் எழுந்திருக்கவில்லை.